அராளியின் வரிசை

"நம்ம அராளியா திருடுவாரு? பொய்க் கேஸ்! ஒரு ஷில்லிங் தொட்டிருப்பாரா அந்த மனுஷன்?"

கபஹெண்டா அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "பொய்க் கேஸ்! பொய்க் கேஸ்!" என்று நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

பள்ளிக்கூட மைதானத்தில் கட்சி வேட்பாளர் தேர்வு. இதற்குச் சீட்டு, பெட்டி எல்லாம் கிடையாது. யார் வேண்டுமோ அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். அதிகாரி விசில் ஊதியதும் தலையை எண்ணுவார். அதுவரை வரிசை மாறிக்கொள்ளலாம்.

ஒரு வரிசைக்கு முன்னால் மரக் கான்ட்ராக்டர் புசிங்கே. பின்னால் முப்பது பேர் தேறினால் அதிகம்.

இன்னொன்றுக்கு முன்னால் ருவபுஹிங்கா. அது பேப்பரில் வருகிற பெயர். எங்களுக்கு அவர் அராளிதான். ஆறு வருஷம் விவசாய மந்திரி. டிராக்டர் வாங்கியதில் கமிஷன் அடித்தார் என்று கேஸ் போட்டார்கள், பதவி போயிற்று. கோர்ட்டுக்கு நடையாய் நடந்து மனுஷன் பாதியாகிவிட்டார். இன்றைக்கும் தோற்றால் அரசியலில் அவர் கதை முடிந்தது.

ஆனால் பாருங்கள், அவர் வரிசை கேட்டைத் தாண்டி தேயிலைத் தோட்டம் வரைக்கும் போயிற்று!

கம்பாலாவிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன ஜனங்கய்யா நீங்க? டிராக்டரையே முழுங்கினவருக்கு இவ்ளோ கூட்டமா?"

"போய்யா! நீ பேப்பர்ல போட்டா உண்மையாயிடுமா?" என்று அவர் மேல் பாய்ந்தாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து அராளியின் வக்கீல் பைக்கில் வந்து இறங்கினார். கையில் தீர்ப்பு.

அராளி படித்தார். கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"என் ஜனங்களே! கோர்ட் என்னை விடுதலை பண்ணிடுச்சு! பேங்க், நிலம், வீடு எல்லாம் துருவிப் பாத்துட்டாங்க. என் பேர்லயும் இல்ல, பினாமி பேர்லயும் இல்ல. நீங்க சொன்னதுதான் நிஜம். ஒரு ஷில்லிங்கூட நான் தொடலை!"

கைதட்டலுக்காக நிறுத்தினார்.

யாரும் தட்டவில்லை. பின்னால் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் செருப்புச் சத்தம்.

விசில் ஊதினார்கள். அராளி திரும்பிப் பார்த்தார்.

அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள். கூடவே, காது கேட்காத பழைய தபால்காரர். மறைப்பானேன், நானும் அதற்குள் புசிங்கே பக்கம் வந்திருந்தேன்.

அராளி எங்கள் வரிசையில் முகம் முகமாய்த் தேடிப் பார்த்தார்.

"அக்கா... நீங்களுமா? பொய்க் கேஸ்னு நீங்கதானே கத்துனீங்க?"

"கத்தினேன், இல்லைங்கல" என்றாள் கபஹெண்டா அக்கா. "அது நிஜமாவே பொய்க் கேஸ்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? ஆறு வருஷம் மந்திரியா இருந்து உனக்கே ஒண்ணும் சேத்துக்கத் தெரியலை. எங்களுக்கு என்னத்தைச் செஞ்சு கிழிக்கப் போறே?"