ஏழாவது துளை

கிராமபோன் பெட்டியை யாரோ துணி அலமாரியாக மாற்றியிருந்தார்கள்; அதைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லி வீட்டுக்காரம்மா தச்சரை அழைத்திருந்தார். பின்பலகையில் ஏழு துளைகள். துணிக்குக் காற்றோட்டம் வேண்டுமே என்று போட்டிருப்பார்கள் என நினைத்துக்கொண்டு, அடைக்க உட்கார்ந்தார் தச்சர். ஒவ்வொன்றிலும் வாய் வைத்துத் தூசியை ஊதி, பசை தடவி, மர முளையைத் தட்டி இறக்கினார். ஆறு முடிந்தது.

ஏழாவதில் ஊதினார். உள்ளிருந்து வெதுவெதுப்பாகத் திருப்பி ஊதியது; கண்ணெல்லாம் தூசி. எழுந்துபோய்ப் பெட்டியின் முன்கதவைத் திறந்தார். காலையில் அவரே துடைத்துவைத்த வெறும் பெட்டி.

“ஏம்மா, இந்த ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் தச்சர்.

“கதவைச் சாத்திட்டு அதையும் அடைச்சிடுங்கண்ணே. போன தடவை வந்தவரும் பாவம் பார்த்து ஒண்ணே ஒண்ணை விட்டுட்டுப் போனார். அதுதான் இப்ப ஏழா ஆயிருக்கு.”