ஒரே ஒரு அரியர்

முப்பத்தொன்பது வயதிலும் பாண்டிச்செல்வம் பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவர்தான். விதி அப்படி. ஒரு அரியராவது பாக்கியிருக்கும்வரை கல்லூரிக் கபடி அணியில் ஆடலாம். அதை முடிக்காமல் வேறு கல்லூரிக்குப் போக முடியாது. அவருக்குப் பாக்கியிருந்தது சுற்றுச்சூழல் கல்வி. பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தவனும் பாஸாகிவிடும் தாள். அதைப் பத்தொன்பது வருடமாகப் பக்கம் பக்கமாக எழுதியும் அவர் தேறவில்லை. திருத்துவதும் கல்லூரிதான்.

"இந்த ஒரு வருசம் ஆடிக் குடுத்துருங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இந்த முறையும் பி.டி. சார் சொல்லிவிட்டார். அவர் பாண்டிச்செல்வத்துக்கு ஜூனியராகப் படித்துவிட்டுப் போனவர்.

மகள் யாழரசியும் கபடிதான். ரெய்டு போனால் ஆளைத் தொடாமல் திரும்பமாட்டாள். அவளாவது மூன்று வருடத்தில் வெளியே வரட்டும் என்று, முதல் சுற்றையே தாண்டியறியாத கல்லூரியாகத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார்.

அன்று மாலை அவர் முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் செல்போனோடு ஓடி வந்தாள்.

"ரிசல்ட் வந்துருச்சுப்பா! எல்லாம் பாஸ். ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. அடுத்த தடவை எழுதிக்கிறேன்."

எந்தத் தாள் என்று அவர் கேட்கவில்லை.

"போன வாரம் உங்க காலேஜ் ஜெயிச்ச மேட்ச்ல நீ எத்தனை பாயிண்ட் எடுத்தே?"

"பதினேழுப்பா!" என்றாள் அவள், பெருமை தாங்காமல்.