சாவிக்கு முன்

அண்ணன் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள் சுகந்தி. குண்டு போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி சரிந்து வெடித்ததில் அங்கேயே செத்தாள். காட்டுப்பன்றி விரட்ட அண்ணன் வீரபத்திரன் லைசென்ஸ் எடுத்து வாங்கியது. விபத்து என்று வழக்கை முடித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கணவன் நவநீதன் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மச்சான் வீட்டுச் சுவரில் தானே போல்ட் முடுக்கி, துப்பாக்கியை உள்ளே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனான். வயலில் பன்றி இறங்கும்போதெல்லாம் வீரபத்திரன் சாவி கேட்டு நவநீதன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“துப்பாக்கி எங்க இருந்துச்சு மச்சான்?”

“செவுத்துல சாச்சிருந்தேன் மாப்ள. குண்டு போட்டு. நான்தான்.”

சொன்ன பிறகுதான் சாவி.

தேர்தல் அறிவித்ததும் ஊர்த் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அந்த வாரமும் வீரபத்திரன் வந்தான்.

“பொட்டிதான் காலியாச்சே, சாவி எதுக்கு?”

“சாவிக்கு வரல மாப்ள. சொல்லிட்டுப் போனா அன்னிக்குக் கொஞ்சம் தூக்கம் வருது.”

நவநீதன் கதவில் கை வைத்தான்.

“செவுத்துல…” என்று வீரபத்திரன் ஆரம்பித்தான்.

“நான் கேக்கலையே மச்சான்” என்று சொல்லிவிட்டு நவநீதன் கதவைச் சாத்தித் தாழிட்டான்.