இருபது கஜம்

"எலோயை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பு. இல்லேன்னா நான் கமிட்டிக்குப் போறேன்!"

லீலண்ட், கிளப் மேனேஜரான என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தன் கோல்ஃப் பந்துகளில் பச்சை மையால் இரண்டிரண்டு புள்ளி வைத்தபடியே சத்தம் போட்டார். பந்து மாறிப் போகாமலிருக்க ஆளுக்கொரு அடையாளம் உண்டு. அவருடையது அது.

"அவர் என்ன பண்ணினார்?"

"ஏழாவது குழியில, நின்னு அடிக்கிற இடத்துக் கட்டையை முன்னாடி நகர்த்தி வெச்சிருக்கான். அங்கிருந்து குழிக்கு நூத்தம்பது கஜம் இருக்கணும். மகன் அனுப்பின தூரம் அளக்கிற கருவியில பார்த்தேன், நூத்தி முப்பதுதான் காட்டுது!"

ஏழாவது குழி எங்கள் மைதானத்தின் வில்லங்கம். நடுவே வறண்ட ஓடை. ஒரே அடியில் தாண்டினால் புல்தரை. இல்லாவிட்டால் கல், முள், சமயத்தில் பாம்பு. நியூ மெக்சிகோ மலைமேல் காற்று லேசு, பந்து தானாகப் பறக்கும் என்று வெளியூர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். ஓடையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும்.

"எல்லாம் புதன்கிழமை இன்னொரு கோஷ்டியில ஆடுற ராய்ஸுக்காகத்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் அவனால முடியல. ரெண்டு பேரும் ஒரே சர்ச் வேற! எனக்கு எழுபத்தெட்டு. இன்னும் தாண்டுறேன். தாண்ட முடியாத அன்னிக்கு மட்டையைப் பரண்ல போட்டுட்டு வீட்டோட இருப்பேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கேன். ஆட்டம்னா ஒரு நேர்மை வேணும்மா!"

நேராக, மைதானத்தைப் பராமரிக்கும் எலோயின் கொட்டகைக்குப் போனேன். புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டையை நகர்த்தினீங்களா?"

"ஆமா மேடம். புதன்கிழமை மட்டும்."

கொஞ்சம்கூட மழுப்பாததில் எனக்குக் கோபம் வந்தது.

"ராய்ஸுக்காகவா?"

"அவருக்கு எதுக்கு? இன்னும் முன்னாடி, பொம்பளைங்க அடிக்கிற இடத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே அடிச்சுட்டுப் போறாரு."

"அப்போ யாருக்கு?"

"மே மாசம் ஒரு சாயங்காலம், ஒருத்தர் அங்க தனியா அடிச்சுப் பார்த்தாரு. ஒம்பது பந்து. ஒம்பதும் ஓடைக்குள்ள. அப்புறம் பெஞ்சில உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கிட்டாரு. சம்சாரம் போனதிலிருந்து, புதன்கிழமை ஒரு நாள்தான் மேடம் அவர் நாலு பேரோட பேசுறது."

பெயரைச் சொல்லவில்லை. ஓடையில் பொறுக்கிய பந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பார்த்தேன். கையை மூடிக்கொண்டேன்.

வெளியே லீலண்ட் காத்திருந்தார். "என்ன, ஒத்துக்கிட்டானா?"

"அவர் மேல தப்பில்ல லீலண்ட். பின்னாடி புல்லு கருகிக் கிடக்கு. இந்த சீசன் முழுக்க முன்னாடியே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

"நீயா! நல்லா இருக்கு நியாயம். ராய்ஸ் பாடு கொண்டாட்டம்தான்!"

முணுமுணுத்தபடியே மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் கையைத் திறந்தேன். பந்தில், பச்சை மையில் இரண்டு புள்ளி.