மறுபடி சொல்

ஹெட்போனைக் கழற்றலாம் என்று அவள் மைக்கில் சொன்னாள்.

அதற்கு முன்பே பலர் கழற்றியிருந்தார்கள்.

மறைக்கல்வி டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாடகர் குழுப் பையன்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தங்கியவர்கள். அவள் கேட்டது ஒன்றுதான். தினமும் சொல்லும் செபத்தை ஒருமுறை முழுதாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது காதுக்குள் ஒரு குரல் வரும்.

கவனம் போய்விட்டது, மறுபடி சொல்.

மனசில் அசிங்கமாக ஏதோ வந்தது, மறுபடி சொல்.

நீ மனமாரச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு.

அவளே பேசிப் பதிந்தது. தம்பி டைட்டஸ் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினான். இன்னும் இடைவிடாமல் பேசணும்க்கா என்றான்.

அவனுக்கு ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் வந்து செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். அது செபத்தில் வந்து பிடித்தது. காலைச் செபத்தை முடிக்க முடியாமலே வேலை போயிற்று. டாக்டர் விளக்கிய பிறகும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும்தான் செபம் பண்ணுகிறோம், எல்லாரும் வேலைக்கும் போகிறோம் என்றார்.

அந்தக் குரலை அப்பா ஒரு தடவை கேட்டால் போதும் என்றுதான் அவள் இந்த நிகழ்ச்சியையே யோசித்தாள்.

அப்பா மட்டும் இன்னும் கழற்றவில்லை.

கண் மூடியிருந்தது. உதடு நிதானமாக அசைந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பஸ்ஸில் ஊர் வரக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு சந்தேகம். ஒருவேளை பதிவு ஓடவில்லையோ.

கிட்டே போனாள். அவர் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கண் திறந்தார். அழுகிறவர்களைப் பார்த்தார். எழுந்து போய் உதவ வேண்டுமோ என்பதுபோலப் பார்த்தார்.

"இவங்கல்லாம் ஏம்மா அழறாங்க?"

இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு செபம் சொல்வது எவ்வளவு பாடு என்று அவர்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்றாள்.

அவர் அதை யோசித்தார்.

"அப்போ, மத்தவங்களுக்கு இது கேக்காதா?"

அவள் கையில் மைக் இருந்தது. அடுத்து கலந்துரையாடல். எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொல்ல வேண்டும்.

மைக்கைக் கீழே இறக்கினாள். இத்தனை நாள் யாருக்காக இதைச் செய்தோம் என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது.

கதவருகே நின்ற டைட்டஸ் வந்தான். ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் போட்டான். உட்கார்ந்தான்.

எப்ப இருந்து கேக்குதுப்பா என்று மெதுவாகக் கேட்டான்.

அப்பா அவனையே பார்த்தார்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை.