வெயிலில்லாத ஊரில் சோலார்

வெள்ளி ஸ்பூன்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார் மரியசூசை. ஐப்பசி மாதத்துக் கொடைக்கானல். வாசலில் நிற்கும் பைன் மரம்கூடத் தெரியாத மூடுபனி. பங்களாக்காரர்கள் எல்லாரும் நல்ல சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்குகிற காலம்.

"ஓனர் சார் இருக்கீங்களா?"

குரல் அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. கையிலிருந்த ஸ்பூன் நழுவித் தரையில் விழுந்தது. மரியசூசை பெட்டிமேல் ஒரு கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் கூடத்துக்கே வந்துவிட்டான். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் கேமரா, தோளில் ஒரு பை.

"பேரு பொன்னுவேல், பழனியில இருந்து வர்றேன். முன்கதவு பூட்டிக் கெடந்துச்சு, பின்கதவு தெறந்திருந்துச்சு, வந்துட்டேன். சோலார் வாட்டர் ஹீட்டர் சார்! கூரையில பேனல மாட்டினா வெயில்லயே வெந்நி. வெறகும் வேணாம், கரண்டும் வேணாம்."

"வெயிலா? இந்த ஊருக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"பனிமூட்டத்துக்குள்ளயும் சூடு எறங்கும் சார். மொதல்ல பிரசாதம் எடுத்துக்கோங்க" என்று பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து நீட்டினான்.

வேண்டாம் என்றால் பேச்சு வளரும். மரியசூசை ஒரு விரல் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பேச்சு அப்படியும் வளர்ந்தது.

"வீட்டுல எத்தனை பேரு சார்? எந்தெந்த மாசம் பூட்டிக் கெடக்கும்? காவலுக்கு ஆளு உண்டா? நாய் கீய் வளக்கிறீங்களா?"

"நாய்க்கும் வெந்நி ஊத்தவா?"

"இல்ல சார், எங்க ஃபிட்டரு கூரையில ஏறுறப்ப கடிச்சு வச்சிரக்கூடாதுல்ல. நீங்க ஊருல இல்லாட்டியும் பரவால்ல. வெளிய இருந்தே ஏறி நாங்களே சோலிய முடிச்சிருவோம்."

ஒரு வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது பூட்டிக் கிடக்கும், நாய் உண்டா என்றெல்லாம் எப்படிப்பட்ட ஆள் கேட்பான் என்பது மரியசூசைக்கு நன்றாகத் தெரியும். இதற்குள் பொன்னுவேலின் பார்வை கம்பளி மூடிய பெட்டிமேல் நின்றது. மரியசூசை சும்மா நடப்பவர்போல் போய் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார். கோட்டின் கை நீண்டு விரல்வரை தொங்கியது. அதை மடித்துவிட்டுக்கொண்டார்.

எப்படியாவது ஆளை வெளியே தள்ளியாக வேண்டும். குறை சொன்னால் போய்விடுவான் என்று நினைத்தார்.

"என்ன வெல?"

"நாலாயிரம். வெறகுச் செலவு மிச்சமாகி அஞ்சே வருஷத்துல போட்ட பணம் வந்துரும். அதுக்கப்புறம் எல்லாம் லாபம்."

"அஞ்சு வருஷமா? அதுக்குள்ள யாரு எங்க இருப்போமோ! மழைக்காலம், பனிக்காலம்னு பாதி வருஷம் சும்மா கெடக்கும். ஆலங்கட்டி விழுந்தா கண்ணாடி போச்சு. கொரங்கு வேற. எனக்குக் கட்டுப்படியாகாது."

வேறு ஆளாக இருந்தால் எழுந்து போயிருப்பான். பொன்னுவேலுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை கேள்வி கேட்கிறவர் வாங்காமல் விடமாட்டார் என்பது அவன் கணக்கு.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க சார். பக்கத்து பங்களா ஜோசப்பின் டீச்சரு வீட்டுல மாட்டியிருக்கோம். ஒரு நிமிஷம் இருங்க, அவங்களையே வெரசா கூட்டியாந்துர்றேன்."

"ஏய், நில்லுப்பா!" மரியசூசை பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஆகாது. அட்வான்ஸ் எவ்வளவு?"

"முந்நூறு போதும். புடிச்சிருந்தா சீசன்ல மீதியக் குடுங்க. புடிக்கலைன்னா கழட்டிட்டுப் போயிருவோம்."

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணம். வேட்டி மடிப்பிலிருந்து அதை எடுத்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார் மரியசூசை. போய்த் தொலைந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பொன்னுவேல் போகவில்லை. கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போனான்.

"இப்பிடி நில்லுங்க. பங்களா முழுசா தெரியணும். கொஞ்சம் சிரிங்க சார்!"

வேண்டாம் என்று கையை உயர்த்துவதற்குள் பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தது.

"எதுக்குய்யா இந்தப் படம்?"

"அடுத்த வருஷக் காலண்டருக்கு சார். எங்க கஸ்டமருங்க அவங்கவங்க வீட்டு முன்னாடி நிக்கிற மாதிரி. பழனி அடிவாரத்துல இருந்து மலைமேல கவுஞ்சி வரைக்கும் ஒரு கடை பாக்கியில்லாம தொங்கும். போலீஸ் ஸ்டேசனுக்கும் ஒண்ணு குடுப்போம்!"

பெரிய கும்பிடு ஒன்று போட்டுவிட்டு அவன் பனிக்குள் மறைந்தான்.

மரியசூசை பாவம், போலீஸ் ஸ்டேசன் சுவரில் இந்தப் பங்களாவோடு தன் முகம் தொங்குவதை நினைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். ஸ்பூன்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கினார். கீழே விழுந்ததையும் தேடி எடுத்து வைத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பொன்னுவேல் விட்டுப்போன பஞ்சாமிர்த டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் போனார்.

மே மாதம் மெட்ராஸிலிருந்து சீசனுக்கு வந்து பூட்டைத் திறந்த பங்களாவின் சொந்தக்காரருக்கு வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை. யார் வாங்கி மாட்டியது என்றே தெரியாத வெந்நீர் பேனல் ஒன்றுதான் கூரைமேல் கூடுதலாக இருந்தது.