குமிழி

திரையில் ரத்தம் நூலாக ஓடியது.

ஸ்கேன் எடுக்கும் பெண் கருவியைக் கழுத்தில் சற்றே சாய்த்தாள். நூல் அறுந்தது. மீண்டும் ஒட்டிக்கொண்டது.

பேராசிரியை படுக்கையின் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

படுத்திருந்தவர் அருளப்பன். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் அட்டெண்டராக இருந்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் இடது கை பத்து நிமிடம் மரத்துப்போனதாக போனில் சொன்னார். அவள்தான் காரில் அழைத்துவந்தாள்.

சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. ரத்தம் இந்த வேகத்தில் ஓடினால் குழாய் இவ்வளவு அடைத்திருக்கிறது. ஒரே சீராக ஏறும் கோடு. அடியில் சிறிய எழுத்தில் அவள் பெயர்.

"அந்தப் பேரப் பாத்தியாம்மா? இவங்கதான்."

"பேசாதீங்க ஐயா. கழுத்து ஆடுது."

"இருபத்தாறு வருசம் நான் குழாயப் பிடிச்சேன். இன்னைக்கு நீ என்னப் பிடிக்கிற."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"மேடம், உங்க பேப்பர வச்சு நான் செமினாரே எடுத்திருக்கேன்."

அவள் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

வேகம் வினாடிக்கு நூற்றுப் பத்து சென்டிமீட்டர். அந்தப் பெண் அட்டவணையின் மீது விரலை ஓட்டினாள்.

"பாதிகூட அடைக்கல ஐயா. பயப்படாதீங்க. மாத்திரை போதும்னுதான் டாக்டர் சொல்வாங்க."

திரையில் இருந்த நூல் பாதி அடைத்த குழாயின் நூல் அல்ல.

அவளுக்கு அந்த நூலைத் தெரியும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அது கண்ணாடிக் குழாய்க்குள் ஓடியது. ரத்தத்துக்குப் பதிலாகக் கிளிசரினும் தண்ணீரும் கலந்த திரவம். குழாய் குறுகக் குறுக வேகம் ஏற வேண்டும். ஏறியது. முப்பத்தெட்டு அளவுகள் வரை ஏறியது.

கடைசி மூன்றில், வழி மயிரிழையாகக் குறுகியபோது, இறங்கியது.

காற்றுக் குமிழி இருந்தால் அளவு பிசகும். அதனால் ஒவ்வோர் அளவுக்கு முன்பும் அருளப்பன் குழாயை நகத்தால் இரண்டு முறை தட்டுவார். விளக்குக்கு நேரே குனிந்து பார்ப்பார். "குமிழி இல்ல, மேடம்" என்பார். நோட்டில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். அதன் பிறகுதான் அவள் அளவெடுப்பாள்.

அந்த மூன்றுக்கும் டிக் இருந்தது.

கட்டுரை அனுப்ப எட்டு நாள் இருந்தது. மெக்கானிக்கல் துறையில் அவள் ஒருத்திதான் பெண். பம்பும் டர்பைனும் இருக்க இந்தம்மாவுக்கு ரத்தத்தில் என்ன வேலை என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுச் சிரித்தார்கள். அவள் காதில் விழும்படிதான் சிரித்தார்கள்.

ரப்பரால் மூன்று டிக்கையும் அழித்தாள்.

பக்கத்தில் எழுதினாள். குமிழி. குமிழி. குமிழி.

கோடு அழகாக ஏறியது. பிறகு எல்லாமே ஏறியது.

மறுநாள் காலையில் அருளப்பன் அந்த நோட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தார். பிறகு புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாரா என்று அவளும் கேட்கவில்லை.

எத்தனையோ மேடைகளில் அந்தக் கோட்டைத் திரையில் காட்டியிருக்கிறாள். அதன் வலது ஓரத்தை ஒருமுறையும் நேராகப் பார்த்ததில்லை.

கீபோர்டின் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ரிப்போர்ட் அடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"அந்த அட்டவணைய வச்சு எழுதாதீங்கம்மா."

"ஏன் மேடம்?"

"அது முழுசா சரியில்ல."

"பெரியவங்க எல்லாம் இப்படித்தான் சொல்வீங்க," என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடித்தாள்.

அருளப்பனும் சிரித்தார். கூரையைப் பார்த்தபடி, பெருமையாக.

அவளுக்குக் காதுமடல்கள் சுட்டன.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். தன்னடக்கம் என்றே இருந்துவிடும்.

நூல் அறுந்தது. ஒட்டிக்கொண்டது.

"இல்லம்மா. ரொம்ப அடைச்சிட்டா வேகம் திரும்ப இறங்கும். எனக்கு அப்பவே தெரியும். மூணு அளவு அப்படித்தான் வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

கீபோர்டு நின்றது.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். அட்டவணையைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்க்கவில்லை.

"டாக்டரக் கூப்பிடுறேன்," என்று எழுந்து போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் டிஷ்யூ பெட்டியிலிருந்து இரண்டு தாளை உருவினாள். மடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். கழுத்தில் ஜெல் ஈரமாக மின்னியது.

அவர் வாங்கவில்லை.

வலது கையை மெதுவாகத் தூக்கினார். ஜெல் இருந்த இடத்தில், நகத்தால், இரண்டு முறை தட்டினார்.

"குமிழி இல்ல, மேடம்."